நீலப் புள்ளி

மார்ச், செவ்வாய்க்கிழமை.
ஆம்ஸ்டர்டாமில் இன்னும் விடியவில்லை.
தராசு ஆயிரத்து நாற்பது கிராம் காட்டியது.
எண்ணை மட்டும் எழுதிக்கொள்வேன்,
பெயரைக் கேட்க மாட்டேன்.
கையுறை மாதிரி அதுவும் ஒரு பாதுகாப்பு.

ஆனால் தொலைபேசி அடித்தது.
யாரோ தவறுதலாக என் அறைக்கு இணைத்திருக்கிறார்கள்.
"வீப்கெ உங்களிடம்தானே இருக்கிறாள்?"
பிரீஸ்லாந்துப் பேச்சு,
பாதி வார்த்தையைக் காற்று தின்ற குரல்.

பெயர் டௌவெ.
முப்பத்தோரு வருஷம் தூக்குப்பாலம் காத்தவர்.
படகு வந்தால் இவர் பாலத்தைத் தூக்குவார்,
அவள் தூண்டில் கோலின் நுனியில்
ஒரு மரச்செருப்பைக் கட்டிப் படகை நோக்கி ஆட்டுவாள்.
சுங்கக் காசு அதில் விழும்.
"ஒரு காசுகூடத் தண்ணீருக்குப் போனதில்லை, எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதிக்கொள்ள அதற்கொரு கட்டம் இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன், அக்டோபரில்,
அவளைக் கேட்காமல் எங்கள் படகை விற்றேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
மீன் பொரிக்கும் வாசனை ஆகாமல் போனது.
சிரிப்பு போனது எந்த நாளென்று கவனிக்கவில்லை.
மனச்சோர்வு என்றார் டாக்டர்.
வெள்ளை மாத்திரை, அப்புறம் மஞ்சள்.
நான் தினமும் மன்னிப்புக் கேட்டேன்.
நாலாம் வருஷம் ஒரு காலையில்
"எதற்கு?" என்றாள்.
மன்னித்துவிட்டாள் என்று நினைத்து
கடைக்கு ஓடிப்போய் கேக் வாங்கி வந்தேன்.

இருமினார். பிறகு கேட்டார்:
"ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்.
அவள் சுவர்ப்பக்கம் திரும்பியது
என்னாலா, இதாலா?"

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு.
நினைவு தங்கும் மடிப்பு சுருங்கிக் கிடந்தது,
அது எதிர்பார்த்ததுதான்.
கத்தியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோனேன்.
அங்கே இரண்டு பக்கமும்
பேனா மையைப் பஞ்சில் ஒற்றியது போல்
ஒரு நீலப் புள்ளி இருக்கும்.
விழிப்பு, கவனம்,
எழுந்து காபி போடலாம் என்கிற சின்ன ஆசை,
எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான்
மெல்லிய இழைகள் மேலே ஏறுகின்றன.
இந்த நோய் முதலில் தொடும் இடங்களில் அதுவும் ஒன்று.
பெயர்களும் தேதிகளும் அசையாமல் இருக்கும்போதே,
வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல்.

வீப்கெயிடம் நீலம் இல்லை.
வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கம்.
விளக்கை அருகே இழுத்துப் பார்த்தேன்.
பலமுறை துவைத்த துணியின் வெளுப்பு.

எந்த வருஷம் வெளுத்தது?
மரத்துக்காவது வளையம் உண்டு.
துக்கம் நோய் போட்ட முதல் கடிதமா,
நோய் நுழையத் திறந்துகிடந்த கதவா,
இரண்டுக்கும் உறவே இல்லாமல்
ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவையா?
இப்படியும் சொல்கிற கட்டுரைகள், அப்படியும் சொல்கிற கட்டுரைகள்
என் மேசையில் இருக்கின்றன,
காபிக் கறையோடு, ஒன்றின்மேல் ஒன்றாக.

வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்தார்.
முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை,
என் வேலை வெட்டுவது.
இருந்தும் சொன்னேன்:
"அந்த நீலம் இல்லை."
"எப்போதிலிருந்து?"
"தெரியாது."
"அப்படியென்றால் படகை விற்காமல் இருந்திருந்தாலும்..."

முடிக்கவில்லை.
அந்தப் பக்கம் கடற்காகங்கள் கத்தின.
கோல் நுனியில் அந்த மரச்செருப்பு
என்னை நோக்கி ஆடி ஆடி வந்தது.
பையைத் துழாவினேன்.
போடுவதற்கு அதற்குத் தகுந்த சில்லறை இல்லை.

"மிச்சத்தை என்ன செய்வீர்கள்?"
"பாதியைக் குளிரில் வைப்போம். மைனஸ் எண்பது."
"நல்லது" என்றார். 
"கால்வாய் உறைந்தால்
ஊரில் முதலில் இறங்குகிறவள் அவள்தான்."

வைத்துவிட்டார்.
அட்டவணையில், பிற குறிப்புகள் என்ற கட்டத்தில்,
படகு என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அடித்ததற்குக் கீழே என் கையெழுத்து வேண்டும், விதி அது.
போட்டேன்.